ஆறாவது தோட்டாக் குழி

அர்த்தநாரி தன் ரிவால்வரின் முதல் தோட்டாக் குழியைத் துடைத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊரின் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, நாடாக்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்துகொண்டுதான் இருந்தன, சத்தம் மட்டும் நின்றுபோனது.

கல்லங்காட்டு வலசில் சத்தம் நிற்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊரில் வீட்டுக்கு நாலு தறி, பெரிய பட்டறைகளில் இருபது முப்பது. பொங்கலுக்கு மூன்று நாளும் மாரியம்மன் நோன்பிக்கு இரண்டு நாளும் தவிர அவை ஓடாத பகல் இல்லை. குழந்தைகள் அந்தச் சத்தத்தில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகின. மின்சாரம் போனால் அவை வீறிட்டு அழுதன. பட்டறைக்குள் யாரும் வாயைத் திறந்து கத்திப் பேசுவதில்லை, கத்தியும் பயனில்லை. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், நாற்பதடி தள்ளி நிற்பவன் அதைப் படித்துப் பதில் சொல்வான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் உண்டு, உதடு படிக்கத் தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் அர்த்தநாரி.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், இருபத்திரண்டு வருடம் பனியிலும் மணலிலும் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வுபெற்று இரண்டு வருடம் முன்பு ஊருக்குத் திரும்பியவர். திரும்பும்போது ஓர் இரும்புப் பெட்டியும், தேங்காயெண்ணெய் தடவிச் சீவிய மீசையும் கொண்டுவந்தார். அந்த மீசை மேலுதட்டை முழுதாக மூடி, கீழுதட்டின் மேல் கூரைபோல் கவிந்திருந்தது. அவர் இல்லாத இருபத்திரண்டு வருடமும் அவர் மனைவி பாவாயி வையாபுரியின் பட்டறையில் தறி ஓட்டினாள். அவர் வந்த பிறகும் ஓட்டினாள்.

வந்த நாளிலிருந்து பாவாயி அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் காப்பி கேட்டால் குளிக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிரில் நின்று எதைச் சொன்னாலும் அவர் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு "ம்" என்பாள், அந்த "ம்" ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாது. தன்னைத் தனியாக விட்டுப்போன இருபத்திரண்டு வருடத்துக்கு அவள் கணக்குத் தீர்க்கிறாள் என்று அர்த்தநாரி முடிவுக்கு வந்தார். நியாயம்தான் என்றும் நினைத்தார். அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், அவளைத் தறியிலிருந்து இறக்குவது.

பணம் ஏற்றிப்போகும் வண்டிக்குக் காவல் போக ஈரோட்டில் ஆள் எடுத்தார்கள், சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால்தான் வேலை. அதற்காகத்தான் உரிமம் வாங்கி, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் அந்தப் பழைய ரிவால்வரை வாங்கி, காவல் நிலையத்தில் பதிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நாப்பத்தியோரு வருசமா வெச்சிருக்கேன்" என்று பெரியவர் அதைக் கொடுக்கும்போது சொல்லியிருந்தார். "ஆறு தடவை எடுத்து ஆள் மேல நீட்டியிருக்கேன். ஆறு தடவையும் சுடாம உள்ள வெச்சுட்டேன்."

எங்கள் ஊரில் நடந்ததற்குக் காரணம் இதுதானா என்று எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு நாங்கள் அதை அதிகம் யோசிக்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் முன்வாசலில் செய்தித்தாளை விரித்து, ரிவால்வரின் உருளையை வெளியே தள்ளி, குழிகள் காலி என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். முதலில் குழலுக்குள் கம்பியை விட்டுத் துடைத்தார், கறுப்பு அழுக்கு வந்தது, அவ்வளவுதான். உருளையின் ஆறு குழிகளிலும் பழைய எண்ணெய் வேப்பம்பிசின் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. முதல் குழியில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷை நுழைத்து, பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தபடி திருகித் திருகி இழுத்தார். பிரஷ் வெளியே வந்தது. அதோடு அமைதியும் வந்தது.

முதலில் அவர் கையிலிருந்த பிரஷ்ஷின் சுரண்டல் போயிற்று, பிறகு வேப்பமரத்துக் காக்கை போயிற்று, பிறகு பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று, கொட்டிய தண்ணீர் தரையில் பரவுவதைப்போல அது பரவி, மேல்நிலைத் தொட்டி வரைக்கும் போய் நின்றது. அர்த்தநாரி தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்து உள்ளங்கையால் இரண்டு காதையும் தட்டினார். நாடாவுக்குள் இருக்கும் ஒரு தார் நூல் ஓடித் தீரும் நேரம், நாலைந்து நிமிடம், அது இருந்தது. பிறகு நாலாயிரம் தறியும் ஒரே சமயத்தில் திரும்பி வந்தன.

அந்த நேரத்தில் வையாபுரியின் பட்டறையில் பாவாயி தறியை விட்டு விலகி வந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு காதையும் பொத்தினாள், கையை எடுத்தாள், மறுபடி பொத்தினாள், எடுத்தாள். பொத்தினாலும் ஒன்றுமில்லை, எடுத்தாலும் ஒன்றுமில்லை. தறி நின்ற பிறகும், நோன்பி நாளிலும், தூக்கத்திலும் அவள் காதுக்குள் ஒரு தறி ஓடிக்கொண்டே இருப்பது வழக்கம்; அதுவும் நின்றிருந்தது. அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம் என்று பட்டறைப் பெண்கள் சொன்னார்கள்.

அர்த்தநாரிக்கு இன்னும் விளங்கவில்லை. பிற்பகலில் இரண்டாவது குழியைத் துடைத்தார். மறுபடி அது வந்தது. இந்தத் தடவை வையாபுரி நேராக அவர் வாசலுக்கு வந்துவிட்டார், தோளில் ஒரு சுருட்டு நெய்த துணி.

"ஏனுங்க மிலிட்டரி, இதென்ன வேலை பண்றீங்க? பாவு நூல் அறுந்தா காதுலதானுங்க தெரியும். சத்தம் மாறோணும், அப்பத்தான் ஆளு ஓடியாருவான். பாருங்க, ஆறு தறித் துணி பூராம் ஓட்டை. கொசுவலைன்னு சொல்லித்தான் விக்கோணும்."

"துப்பாக்கியத் தொடைச்சேங்க. வேற ஒண்ணும் பண்ணலீங்க."

"தொடைங்க. ஆரு வேண்டாங்கறா? தொடைக்கறதுக்கு மின்னால ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத் தொடைங்க."

எங்கள் ஊர் அந்த அமைதியை ஏற்றுக்கொண்டது இவ்வளவு லேசாகத்தான். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தைச் சொல்வதுபோல மூன்றாவது குழிக்கு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். அமைதி வரப்போகிறது என்று அத்தனை சத்தமாகச் சொன்னது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பட்டறைக்காரர்கள் தறிக்கு ஓர் ஆளைக் கண் பார்க்க நிறுத்தினார்கள். தலைவலிக்காரர்கள் பாயோடு வந்தார்கள். பிள்ளைபெற்றவள் ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்தாள், அது எதுவும் கேட்காமல் தூங்குமா அழுமா என்று பார்க்க. அர்த்தநாரியின் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அவர் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, பட்டாள ஒழுங்கோடு உருளையைத் தள்ளி, காலி என்று காட்டி, பிரஷ்ஷைத் திருகி இழுத்தார்.

அந்த மூன்றாவது அமைதியில்தான் மாராயி வாயைத் திறந்தாள். மூன்று வருடம் முன்பு மகனைப் பறிகொடுத்தவள், மருமகள் பயந்துபோவாள் என்று ஒருநாளும் வாய்விட்டு அழாதவள், எல்லோருக்கும் நடுவில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, வானத்தைப் பார்த்து அலறினாள். ஓர் ஓசைகூட வரவில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரே யோசனை வந்தது. இதில் எதையும் சொல்லலாம், யாருக்கும் கேட்காது. ஒருவன் தன் தம்பியைப் பார்த்து வரப்புத் தகராறு முழுவதையும் கத்தினான். ஒரு மருமகள் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மாமியார் பக்கம் திரும்பிவிட்டாள். வையாபுரியின் மேஸ்திரி குமரசாமி, பதினைந்து வருடமாகக் கும்பிட்டே பழகிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதலாளியின் முகத்துக்கு நேராக, முதலாளியின் பாட்டன் வரைக்கும் போய்த் திட்டினார்.

உதடு படிக்காத ஊராக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறந்ததிலிருந்து உதட்டைப் படித்தே வாழ்ந்த நாங்கள், எதிரில் இருப்பவர்களுக்கும் அது தெரியும் என்பதை அந்த ஒரு தார் நேரம் மறந்துபோனோம். சத்தம் திரும்பியது. வையாபுரி மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி தன் கையை இடுப்பிலிருந்து எடுக்கலாமா என்று யோசித்தார்.

"இப்ப என்னமோ சொன்னியே குமரசாமி" என்றார் வையாபுரி.

"சொன்னனுங்களா?"

"எங்க பாட்டன் குதிரை வெச்சிருந்தது உனக்கெப்படிறா தெரியும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அன்று இரண்டு தலை உடைந்திருக்கும். சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்பு ஊர் கூடியது. அமைதியை நிறுத்துவதா என்று கேட்டபோது ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை, திட்டு வாங்கியவர்களும் சொல்லவில்லை. மாராயி மூன்று வருடத்தில் முதல் முறையாகப் பகல் சாப்பாடு முழுதாகச் சாப்பிட்டாள் என்று அவள் மருமகள் எழுந்து சொன்னாள். கடைசியில் ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தார்கள். அமைதியில் பார்த்ததைச் சத்தத்தில் பேசக்கூடாது. சொன்னவரே சொன்னால் ஒழிய, இன்னொருவர் வாயால் அது வரக்கூடாது. கேட்கப் பிரியமில்லாதவர் முதுகைத் திருப்பிக்கொள்ளலாம்.

இப்படியாக நான்காவது குழியின் ஞாயிறு போயிற்று. வரப்புத் தகராறுக்காரர்கள் இருவரும் அந்த வாரம் ஒரே வண்டியில் உரம் ஏற்றிவந்தார்கள்.

ஐந்தாவது குழியின் ஞாயிறு, பாவாயி கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். அர்த்தநாரி அப்போதுதான் பிரஷ்ஷை வெளியே இழுத்திருந்தார். அவள் அவருக்கு எதிரில், இரண்டடி தூரத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி ஒன்று சொன்னாள். பிறகு அதையே இன்னொரு முறை, கையை நீட்டி, கோபமாகச் சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தம் வந்தது, பாவாயி உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

அவர் அவள் பின்னாலேயே போய் எதிரில் நின்றார். "என்ன சொன்ன பாவாயி?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ம்" என்றாள்.

வையாபுரியிடம் கேட்டார். "கட்டுப்பாடு இருக்குதுங்களே" என்றார் வையாபுரி. குமரசாமியிடம் கேட்டார். "நான் முதுகைத் திருப்பிட்டனுங்க" என்று பொய் சொன்னார் குமரசாமி. மாராயியிடம் கேட்டபோது அவள் மட்டும் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ போய்ப் படிச்சுக்கோ சாமி" என்றாள். இரண்டு வருடமாக அவர் சந்தேகப்பட்டது ஊருக்கே தெரிந்துபோய்விட்டது என்று அர்த்தநாரி எண்ணினார். தன்னை வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். வேறென்ன சொல்வாள்? ஆனாலும் அதை ஒருமுறை தானே தெரிந்துகொள்ள வேண்டும். அமைதியில் சொன்னதை அமைதியில்தான் திரும்பக் கேட்க முடியும், மீதமிருந்தது ஒரே குழி.

ஈரோட்டு அலுவலகத்தில் துப்பாக்கியைச் சோதித்தவர் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார், உருளையைச் சுற்றி ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். ஐந்து குழியும் கண்ணாடி. ஆறாவது கறுப்பு.

"ஏன்யா, இதென்ன, திருஷ்டிப் பொட்டா?"

"அது கொஞ்ச நாள் ஆகுங்க சார்."

"அஞ்சைத் தொடைக்கத் தெரிஞ்சவனுக்கு ஆறாவது தெரியாதா? இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள சுத்தமாக் கொண்டா. அப்பறம் எடம் இருக்காது."

மறுநாள் காலை அர்த்தநாரி வையாபுரியின் பட்டறை வாசலில் நின்றார். தறி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கூலி வேண்டாம் என்றார். வையாபுரி அவரை மேலும் கீழும் பார்த்து, உதட்டைப் படிக்கத்தான் இந்த ஆள் வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு, உள்ளே விட்டார். பாவாயியின் தறிக்கு மூன்றாவது தறி அவருக்குக் கிடைத்தது.

நாலு வாரம் இருந்தது. முதல் வாரம் அவருக்குத் தலை சுற்றியது. இரண்டாவது வாரம் உதடுகள் பிரிந்து தெரியத் தொடங்கின. தண்ணீர், தார், அறுந்துபோச்சு, முதலாளி வர்றான், இந்த நாலும் தெரிந்தன. மூன்றாவது வாரம் ஜாடையோடு சேர்த்தால் பத்துச் சொற்கள் தெரிந்தன. அவள் அன்று சொன்னதை நினைவிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார், அதில் ஒரு சொல்கூட இந்தப் பத்தில் இல்லை. நாலாவது வாரம் இது இந்தப் பிறவியில் ஆகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர் தறியில் பாவு அறுந்தது. குமரசாமி பத்தடி தள்ளி நின்றார். அர்த்தநாரி மற்றவர்களைப் போலவே, குரலைச் செலவழிக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கூப்பிட்டார். குமரசாமி அவர் முகத்தைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, பிறகு, என்னவோ சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அர்த்தநாரிக்கு அந்தப் பார்வையைத் தெரியும். இரண்டு வருடமாக அதைத்தான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தறியை நிறுத்திவிட்டுப் பட்டறையில் இருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவருக்கும் உதட்டின் மேல் விழும் மீசை இல்லை. வையாபுரிக்குப் பென்சில் கோடு. குமரசாமிக்கு உதடு தெரிய ஒட்டக் கத்தரித்தது. பஞ்சுத் தூசிக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார், பஞ்சு ஒட்டிக்கொண்டு தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி இருந்தது. படிக்கத் தெரியாதது அவர் பக்கத்துக் குறை என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார். தன்னையும் யாரும் படிக்க முடியாது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. உதட்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரக்கடைக்காரர் கத்தியைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார். "ஆருங்க தவறிப்போய்ட்டாங்க?"

"ஆரும் தவறலீங்க. எடுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ஏழு பேர் அவரை நிறுத்தி எழவு விசாரித்தார்கள். சாவு விழுந்தால் ஒழிய மீசையை எடுக்காத ஊர் அது. புருசன் உயிரோடு இருக்க அவன் மீசையை எடுக்கச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது, சத்தத்தில் வராது. பாவாயி வாசலில் அவரைப் பார்த்து முறத்தைக் கீழே போட்டாள்.

"ஆருங்க? ஆரு மாமா? உங்கக்காவா?"

"ஆரும் இல்ல புள்ள" என்றார் அவர். "எனக்காத்தான் எடுத்தேன்."

அவள் கண் அவர் உதட்டில் இருந்தது. வெயில் படாத அந்த மேலுதடு, முகத்தின் மற்ற இடத்தைவிட வெளுத்து, சின்னப் பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. "உங்களுக்காவா?" என்றாள். அவர் சொன்னதற்கு அவள் சொன்ன சரியான முதல் பதில் அதுதான்.

"உனக்குக் காது..." என்று ஆரம்பித்தார்.

"பத்து வருசமாச்சுங்க. தறி ஓடற சத்தந்தான் உள்ள கேக்குது, வேறொண்ணும் கேக்காது." காது போனதை எங்கள் ஊரில் நரை விழுந்ததுபோலத்தான் எடுத்துக்கொள்வோம், அதனால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "மத்தவிய பேசறதெல்லாம் தெரியுது. நீங்க பேசறது மட்டும் தெரியல. மீசைக்குள்ள என்னமோ நவுருது, அதான் தெரியுது. அன்னிக்கு அதத்தான் சொன்னேன். அந்த மீசைய எடுத்துத் தொலைங்க மாமான்னு."

"ரெண்டாந் தடவை கையை நீட்டி?"

"நீங்களா எடுக்காட்டி தூங்கறப்ப நான் எடுத்துப்போடுவேன்னு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

ஆறாவது குழியை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை துடைப்பதாக அவர் சொல்லியனுப்பினார். முப்பதாம் தேதிக்கு ஒரு நாள் இருந்தது. இந்தத் தடவை ஒலிபெருக்கி வைக்கவில்லை, வாய்க்கு வாய் சேதி போயிற்று. கடைசி அமைதி என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரிடமும் சொல்ல மிச்சம் இருந்தது. ஆனாலும் பதினோரு மணிக்கு அவர் வாசலுக்கு எதிரே கூடியபோது, முதலில் மாராயி திரும்பி முதுகைக் காட்டி நின்றாள், பிறகு வையாபுரி, பிறகு குமரசாமி, பிறகு தெரு முழுவதும். எங்களுக்குப் பின்னால் உருளை வெளியே தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிரஷ் திருகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நாங்கள் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு தார் நேரம் நின்றோம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்ன பார்த்தார், எந்தப் பனியில் யாரை நினைத்தார், கடிதத்தில் எழுத வராமல் எதையெல்லாம் விட்டார் என்பதை அவர் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா, எங்களுக்குத் தெரியாது. காதுக்குள் ஓடும் தறி நின்ற நேரத்தில், பாயைப் போட்டுத் தூங்கியிருக்க வேண்டிய அந்த ஒரே நேரத்தில், பாவாயி தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

சத்தம் திரும்பி வந்தது. நாலாயிரம் தறிகளும் வந்தன, காக்கை வந்தது, எங்களில் யாரோ இருமினார்கள். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். ரிவால்வர் செய்தித்தாளின் மேல் திறந்து கிடந்தது, ஆறு குழியும் சுத்தமாக, ஆறு வழியாகவும் வெளிச்சம் போய்வந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி தறிச் சத்தத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். பாவாயியின் காதுக்குள்ளும் அந்தத் தறி மறுபடி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அவள் அதைக் கவனிக்கவில்லை. கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தபடி, "அப்பறம்?" என்றாள்.